19 வாரம், 150/100, வயிற்றில் ஊதாக் கோடுகள்: கார்ட்டிசால் மிகுதியா, கர்ப்பத்தின் இயல்பா?

கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் தங்கைக்கு 29 வயது, தலைப்பிரசவம், 19-ஆம் வாரம் நடக்கிறது. கிளினிக்கில் மூன்று முறை பார்த்தும் ரத்த அழுத்தம் 150/100-க்குக் கீழே இறங்கவில்லை. சர்க்கரையும் ஏறியிருக்கிறது. முகம் உருண்டு, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுந்திருக்கின்றன. காலையில் எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் லிட்டருக்கு 780 நானோமோல். ஒரு டாக்டர் "குஷிங் நோய்" என்கிறார், இன்னொருவர் "கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஏறும், விடுங்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் பாதி சரி. கார்ட்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்; அது நீண்ட நாள் மிஞ்சினால் வருவதைத்தான் இங்கே குஷிங் என்கிறேன். 780 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நோய் என்று சொல்ல முடியாது. அந்த எண் பொய்யாக இருக்கலாம் என்பதற்காக மற்ற அறிகுறிகளைத் தள்ளிவிடவும் முடியாது. கர்ப்பத்தால் வரும் ரத்த அழுத்த நோய் பொதுவாக 20-ஆம் வாரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். அதற்கு முன்பே 150/100 நிற்கிறது என்றால் வேறு ஏதோ ஒன்று பின்னால் இருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்க உங்களிடம் இருப்பது சில வாரங்கள்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 780. ரத்தத்தில் கார்ட்டிசால் பெரும்பாலும் ஒரு சுமக்கும் புரதத்தின் மேல் ஏறித்தான் பயணம் செய்யும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, கல்லீரல் இந்தப் புரதத்தை இரண்டு மூன்று மடங்கு செய்து தள்ளும். ரோட்டில் டாக்ஸிகள் கூடினால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்களும் கூடுவார்கள் இல்லையா? ஆனால் வேலை செய்வது கீழே இறங்கியவர்கள்தான். சாதாரண ரத்தப் பரிசோதனை டாக்ஸிக்குள் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. கடைசி மூன்று மாதங்களில் நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கே காலை அளவு 900-ஐத் தொடலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் ஏறுவது புரதம் மட்டும் இல்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிதான் அட்ரினலை ஏவுகிறது; நஞ்சுக்கொடியே அந்தப் பிட்யூட்டரியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால் புரதத்தில் ஒட்டாமல் தனியாக உலவும் கார்ட்டிசாலும் நாலாம் மாதத்துக்குப் பிறகு உண்மையிலேயே கூடுகிறது. ஒன்று மட்டும் மாறுவதில்லை: காலையில் உச்சம், நள்ளிரவில் பள்ளம் என்ற அன்றாடத் தாளம். கர்ப்பத்திலும் அது கலையாது. குஷிங்கில் முதலில் கெடுவது அந்தத் தாளம்தான். சோதனைகளின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

உடம்பு என்ன சொல்கிறது? முகம் உருள்வது, எடை கூடுவது, களைப்பு, வயிற்றுக் கோடு, கால் வீக்கம் எல்லாம் கர்ப்பத்திலும் வரும், குஷிங்கிலும் வரும். இவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுபவை வேறு. கோடுகளின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலா? தொட்டால் பள்ளமாக இருக்கிறதா? நம்மைப் போன்ற மாநிறத் தோலில், கறுத்த தோலில், புத்தகப் படத்தில் இருக்கும் பளிச்சென்ற ஊதா தெரியாது. கத்தரிக்காய்த் தோல் நிறத்தில், சில நேரம் வெறும் கரும்பழுப்பாகத்தான் இருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல் அகலத்தையும் பள்ளத்தையும் பாருங்கள். கோடு வயிற்றில் மட்டும் இல்லாமல் அக்குள், மேல்கை, தொடை உட்புறத்திலும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்தது, எங்கே இடித்தோம் என்றே நினைவில்லாத ரத்தக்கட்டுகள். அதற்கும் அடுத்தது தொடைத் தசை. குத்தவைத்து உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். மினிபஸ் டாக்ஸிப் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிறாரா என்று கவனியுங்கள். ஐந்தாம் மாத வயிறு அவ்வளவு பாரம் இல்லை; எழ முடியவில்லை என்றால் தசை கரைகிறது என்று பொருள். விலா எலும்பு வலி, முதுகெலும்பில் திடீர் வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போயிருக்கிறதா என்று பழைய ரிப்போர்ட்டில் தேடுங்கள்; பல நேரம் அது யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் கிடக்கும்.

இப்போது, எந்தச் சோதனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. கார்ட்டிசால் வெளியிலிருந்து வருகிறதா? முகம் வெளுக்கப் பூசும் கிரீம்தான் முதல் சந்தேகம். ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்பு கிரீம்களைத் தென்னாப்பிரிக்கா 1990-இலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் தெருவோரத்திலும் போன் வழியாகவும் விற்கும் குழாய்களில் பாதரசமும் இருக்கும், குளோபெட்டசால் என்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டும் (கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்து) இருக்கும். டாக்டர் எழுதித் தரும் 0.05 சதவீத குளோபெட்டசாலையே வாரம் 50 கிராமுக்கு மேல் பூசக் கூடாது. இதை முகம், கழுத்து, கை, கால் என்று நாள் தவறாமல் பூசினால் தோல் வழியே உள்ளே போய் அசல் குஷிங்கையே உண்டாக்கிவிடும். கர்ப்ப காலம் முழுவதுமாகச் சேர்த்து 300 கிராமைத் தாண்டிய கடும் ஸ்டீராய்டு கிரீமுக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் தொடர்பு தெரிகிறது. தங்கை இதை உங்களிடம் கூடச் சொல்லாமல் இருக்கலாம். கேட்கிற விதத்தில் கேளுங்கள். "நீ என்ன பூசுகிறாய்" என்று விசாரிக்காமல், "குளியலறையில் இருக்கிற எல்லாக் குழாயையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டலாம் வா" என்று கூப்பிடுங்கள்.

கிரீமோடு முடியவில்லை. மூட்டுவலிக்குப் போட்ட ஊசி, ஆஸ்துமா பம்ப், "மூலிகை" என்று வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். எச்ஐவி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்தோடு புடெசோனைடு அல்லது புளூட்டிகசோன் பம்ப் எடுத்தால், கல்லீரல் அந்த ஸ்டீராய்டை உடைக்க முடியாமல் அது உடம்பில் தேங்கும். சாதாரண அளவிலேயே சில வாரங்களில் முகம் உருண்டுவிடும். பம்பை பெக்லோமெதசோனுக்கு மாற்றுவது வழக்கம். இப்போது பெரும்பாலோர் சாப்பிடும் டோலுடெக்ராவிர் கலவைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு என்றால் ரத்தம் தலைகீழாகப் பேசும். ஆள் குஷிங் மாதிரி இருப்பார், கார்ட்டிசால் தரையில் கிடக்கும். சொந்தச் சுரப்பி தூங்கிவிட்டது என்பதே அதற்குக் காரணம். உங்கள் தங்கைக்கு 780 இருப்பதால் குளோபெட்டசால் மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிரெட்னிசோன் மாத்திரை என்றால் வேறு கதை. பல ஆய்வுக்கூட முறைகள் அதையும் கார்ட்டிசால் என்றே எண்ணிவிடும். ஒன்று முக்கியம்: கிரீமோ மாத்திரையோ கண்டுபிடித்தவுடன் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். தூங்கும் சுரப்பி எழுவதற்குள் ஸ்டீராய்டு நின்றால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று தாயும் பிள்ளையும் ஆபத்தில் விழுவார்கள். டாக்டர் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார்.

இன்னும் இரண்டு, வீட்டிலேயே இருப்பவை. ஒன்று அதிமதுரம். இருமலுக்கு, தொண்டைக்கு என்று கஷாயத்தில் போட்டுக் குடிப்போம். அதில் உள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்க வைக்கும் நொதியை முடக்குகிறது. அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதே நொதிதான் நஞ்சுக்கொடியில் வாசல்காவலாக நின்று தாயின் கார்ட்டிசால் பிள்ளைக்குப் போகாமல் தடுக்கிறது. கர்ப்பத்தில் அதிமதுரக் கஷாயம் வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு காரணமே போதும். மற்றொன்று, முடி கொட்டுகிறது என்று வாங்கும் பயோட்டின் மாத்திரை. இது உடம்பைக் கெடுக்காது, ரிப்போர்ட்டைக் கெடுக்கும். சில ஆய்வுக்கூட எந்திரங்களில் பயோட்டின் கார்ட்டிசாலைப் பொய்யாக ஏற்றிக் காட்டும், அதைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைப் பொய்யாக இறக்கிக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர் அட்ரினல் கட்டி என்று சத்தியம் செய்வார். ரத்தம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள்.

இதெல்லாம் இல்லை என்று ஆனபின் சோதனை. கர்ப்பிணிக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துக் கார்ட்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பதை நான் முதல் சோதனையாக ஏற்க மாட்டேன். நலமாக இருக்கும் கர்ப்பிணிக்கே அது சரியாக அடங்காது, வீண் பயம்தான் மிஞ்சும். 24 மணிநேரச் சிறுநீரில் தனிக் கார்ட்டிசால், நள்ளிரவு எச்சில் கார்ட்டிசால், இரண்டும்தான் இங்கே கைகொடுக்கும். நாலாம் மாதத்துக்கு மேல் சிறுநீர் அளவு இயல்பின் மேல்எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான் குஷிங் என்று எடுத்துக்கொள்வது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வந்தால் அது கர்ப்பத்தின் கணக்கிலேயே போகும். முதல் மூன்று மாதங்களில் மட்டும் சாதாரணப் பெண்களின் எல்லையையே பயன்படுத்தலாம்.

இந்தச் சிறுநீர்ச் சேகரிப்பில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக. காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தை, உதாரணமாக 6.30 என்று, டப்பாவின் மேல் எழுதுங்கள். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு துளியும் டப்பாவுக்குள். மறுநாள் காலை 6.30-க்குப் போகும் முதல் சிறுநீரையும் சேர்த்து மூடுங்கள். கர்ப்பிணி அடிக்கடி போவார். ஒரு டப்பா நிறைந்துவிடும், முன்கூட்டியே இரண்டு கேட்டு வாங்குங்கள். டப்பா குளிரில் இருக்க வேண்டும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) நாளில் பிரிட்ஜை நம்பாதீர்கள், ஐஸ் செங்கல் போட்ட கூலர் பெட்டி போதும். நடுவில் ஒரு முறை மறந்து வெளியே போய்விட்டால் அன்றையதை ஊற்றிவிட்டு அடுத்த நாள் புதிதாகத் தொடங்குவதுதான் யோக்கியம். மறைத்தால் சிறுநீரில் நாளுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் வழக்கம்போல் குடிக்கட்டும். ஒரு நாளில் ஐந்து லிட்டர் குடித்தால் கார்ட்டிசால் அளவே பொய்யாக ஏறும். இதைக் குறைந்தது இரண்டு முறை செய்ய வேண்டும்.

எச்சில் சோதனை எளிது. இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பஞ்சுருளையை வாயில் இரண்டு நிமிடம் மென்று குழாயில் போடுவது. கர்ப்பத்தில் ஈறு சட்டென்று ரத்தம் கசியும், அந்த ரத்தம் கலந்தால் அளவு ஏறிவிடும். ஆகவே அதற்கு முன் பல் துலக்கக் கூடாது. விரலில் கிரீம் இருந்தால் பஞ்சைத் தொடக் கூடாது. இரண்டு இரவுகள். கர்ப்பத்துக்கு எல்லை சற்று உயரும், ரிப்போர்ட்டில் அச்சாகியிருப்பது கர்ப்பம் இல்லாதவர்களின் எல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

உறுதியானால் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. கர்ப்பம் இல்லாத பெண்களுக்குப் பெரும்பாலும் பிட்யூட்டரிக் கட்டிதான் காரணம். கர்ப்பிணிகளிடம் அது தலைகீழ்: ஏறக்குறைய பாதிப் பேருக்கு அட்ரினல் சுரப்பியில் உள்ள சாதாரணக் கட்டி, பத்தில் ஒருவருக்கு அட்ரினல் புற்றுநோய். பிட்யூட்டரி நோயில் முட்டை வெளியாவதே பெரும்பாலும் நின்றுபோகும், அட்ரினல் கட்டியில் அந்த அளவுக்கு நிற்காது. கருத்தரிக்க முடிகிறவர்கள் இவர்கள்தான் என்பதே விளக்கம். ஏசிடிஎச் அளவு கர்ப்பத்தில் ஏமாற்றும். நஞ்சுக்கொடியின் தூண்டலால், அட்ரினல் கட்டி இருந்தும் அது அடங்காமல் நடுவில் நிற்கலாம். அதனால் முதலில் அட்ரினலை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. தெளிவில்லை என்றால் காடோலினியம் என்ற சாய ஊசி போடாமல் எம்ஆர்ஐ. பிட்யூட்டரியைப் படமெடுத்தால் கவனம் வேண்டும். கர்ப்பத்தில் அது இயல்பாகவே பருக்கும், 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளி எதுவும் தற்செயலாக இருக்கலாம். மீசை முளைப்பது, குரல் கரகரப்பது, படத்தில் பெரிய கட்டி, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கும் பேச்சே கிடையாது.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2005-இல் வெளியான ஒரு தொகுப்பில் குஷிங் இருந்த 136 கர்ப்பங்கள் ஆராயப்பட்டன. தாய்மார்களில் 68 சதவீதத்தினருக்கு உயர் அழுத்தம், 25 சதவீதத்தினருக்குச் சர்க்கரை, பிள்ளைகளில் 43 சதவீதம் குறைமாதம். சிகிச்சை பெறாதவர்களில் 76 சதவீதம் உயிருள்ள பிள்ளை பெற்றார்கள், சிகிச்சை பெற்றவர்களில் 89 சதவீதம். எண்ணிக்கை சிறியது, ஆனாலும் திசை தெளிவு.

இனி வாரக் கணக்கு. அட்ரினல் கட்டியை எடுக்க மிக நல்ல காலம் நடு மூன்று மாதங்கள். கருப்பை இன்னும் வயிற்றை அடைக்கவில்லை, பிள்ளையின் உறுப்புகள் உருவாகிவிட்டன. சிறு துளைகள் வழியே லேப்பராஸ்கோப்பியில் முடித்துவிடலாம். பிட்யூட்டரிக் கட்டியையும் தேவைப்பட்டால் மூக்கின் வழியே இந்தக் காலத்தில் எடுக்கிறார்கள். தங்கைக்கு 19 வாரம். சோதனைக்கு ஒரு வாரம், ரிப்போர்ட்டுக்கு ஒன்றிரண்டு வாரம், படத்துக்கு ஒரு வாரம் என்று போனால் 23-ஐத் தொட்டுவிடும். ஆகவே கிளினிக்கிலிருந்து ஆர்.கே.கான் மருத்துவமனை, அங்கிருந்து இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை என்று ஒவ்வொரு படியிலும் மாதம் ஒரு தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். "20 வாரத்துக்கு முன்பே அழுத்தம், குஷிங் சந்தேகம்" என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், டாக்டர் டாக்டரிடம் போனில் பேசட்டும்.

அறுவைக்கு நேரம் கடந்துவிட்டால், அல்லது கட்டி எங்கே என்றே தெரியவில்லை என்றால், கார்ட்டிசால் சுரப்பதைக் குறைக்கும் மெட்டிராபோன் மாத்திரை. கர்ப்பத்தில் அதிகம் பயன்பட்டது இதுதான். 250 மில்லிகிராமில் ஆரம்பித்து, நாளைக்கு இரண்டு மூன்று வேளை, பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். வெறும் வயிற்றில் குமட்டும், பாலோடு சாப்பிட வேண்டும். இதன் பக்கவிளைவு அழுத்தத்தையே ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும் என்பது கொஞ்சம் கொடுமை. மருந்துக் கடை அலமாரியில் சட்டென்று கிடைக்காது. பதிவு பெறாத மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பிரிவு 21 அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும். கார்ட்டிசாலைத் தரைமட்டமாக்குவது நோக்கமில்லை. கர்ப்பத்துக்கு இயல்பான உயரத்தில் நிறுத்தினால் போதும். மைட்டோட்டேன், மிபெப்ரிஸ்டோன் இரண்டும் கர்ப்பத்தில் தொடவே கூடாதவை. கீட்டோகொனசோல் ஆண் பிள்ளையின் ஹார்மோனைக் கெடுக்கலாம் என்பதால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

இதற்கிடையில் அழுத்தத்துக்கு மெத்தில்டோபா, நிபெடிபின், லேபெட்டலால். எனலாப்ரில் கூடாது, ஸ்பைரோனோலேக்டோனும் கூடாது. கர்ப்பத்துக்கு முன் எழுதிய பழைய மாத்திரைப் பொட்டலத்தில் எனலாப்ரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சர்க்கரை வெறும் வயிற்றில் 5.3-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழே, மெட்பார்மின் போதவில்லை என்றால் இன்சுலின். குஷிங் ரத்தத்தை உறைய வைக்கும், கர்ப்பமும் உறைய வைக்கும். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். அழுத்தம் 160/110, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், நெஞ்சுக்குழியில் வலி, இவற்றில் எது வந்தாலும் தேதியைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு.

ஒரு சந்தேகம் பலருக்கும் வரும். குறைமாதப் பிரசவம் என்றால் பிள்ளையின் நுரையீரல் முதிர பெட்டாமெதசோன் 12 மில்லிகிராம் ஊசி 24 மணி இடைவெளியில் இரண்டு முறை போடுவார்கள். "ஏற்கெனவே ஸ்டீராய்டு அதிகம், இன்னொரு ஸ்டீராய்டா?" என்று கேட்கத் தோன்றும். தாயின் கார்ட்டிசாலை நஞ்சுக்கொடி பெரும்பாலும் உடைத்துவிடுகிறது. பெட்டாமெதசோன் உடையாமல் கடந்து போகும். அதனால் தேவையானபோது மறுக்க வேண்டாம். சில நாள் சர்க்கரை எகிறும், அவ்வளவுதான். சிறுநீர், எச்சில் சோதனை பாக்கி இருந்தால் அந்த ஊசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கட்டியை எடுத்த அன்றிலிருந்து பிரச்சினை எதிர்ப்பக்கம் திரும்பும். மறுபக்கத்துச் சுரப்பி மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது, உடனே எழாது. அறுவையின்போது ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, பிறகு நாளைக்கு 200, அங்கிருந்து மெல்லக் குறைத்து 15 முதல் 25 மில்லிகிராம் மாத்திரை, பெரும்பங்கு காலையில். கடைசி மூன்று மாதங்களில் பொதுவாகக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு, வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசி. பிரசவ வலி தொடங்கியதும் மறுபடி 100 மில்லிகிராம் ஊசி, பிறகு பிள்ளை பிறக்கும்வரை மருந்து தொடர்ந்து போகும். காவடிக்கோ தீமிதிக்கோ குடும்பம் விரதம் இருக்கும் நாட்களில் இவரும் கூட இருப்பேன் என்று அடம்பிடிக்கலாம். இறைச்சி விடட்டும், அது பாதகமில்லை. காலை மாத்திரையையும் அதோடு சாப்பிடும் கஞ்சியையும் விடக் கூடாது. கோயிலில் மயங்கி விழுந்தால் அருள் வந்தது என்று சுற்றி நிற்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே, "ஸ்டீராய்டு சார்ந்தவர், ஹைட்ரோகார்ட்டிசோன் 100 போடுங்கள்" என்று எழுதிய அட்டை கைப்பையில் இருக்கட்டும்.

பிறந்த பிள்ளையை முதல் இரண்டு நாள் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், தாய் மெட்டிராபோன் சாப்பிட்டிருந்தால் கூடுதல் கவனத்தோடு. ஹைட்ரோகார்ட்டிசோன் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். மிக அபூர்வமாக, கர்ப்ப ஹார்மோனுக்கே அட்ரினல் ஆடி, பிரசவமான சில வாரங்களில் தானாக அடங்கிவிடும் வகை ஒன்று உண்டு. கட்டி எதுவும் கிடைக்காமல் எல்லாம் சரியாகிவிட்டால் அதுவாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த பிள்ளைக்கு நாள் தள்ளிய உடனேயே போய்ச் சொல்ல வேண்டும், மறுபடியும் வரலாம்.